வால்க தமில்

வேலாயுதத்திடம் ஒரே ஒரு நகைச்சுவைதான் இருந்தது. இருபது வருடங்களாக அதை வைத்தே அவர் சிங்கப்பூரின் தமிழ் மேடைகளில் காலம் தள்ளி வந்தார். பட்டிமன்றமோ, கல்யாண வரவேற்போ, புத்தக வெளியீடோ, கையில் மைக் கிடைத்துவிட்டால் போதும், பத்தாவது நிமிடத்தில் அது வந்துவிடும்.

"ஒருமுறை பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். ஒரு சிறுமி மேடைக்கு வந்தாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முழங்கினாள்: வால்க தமில்!"

இங்கே கொஞ்சம் நிறுத்துவார். கூட்டம் சிரிக்கத் தொடங்கியதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார்.

"குரங்குக்கு வால் இருக்கலாம். தமிழுக்கு எதற்கம்மா வால்?"

சென்ற ஏப்ரலில், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருக்கும் ஒரு மண்டபத்தில், அவருடைய சொல்லேர் மன்றத்தின் ஆண்டு விழாவில் அதைச் சொன்னபோது இருநூறு பேர் கைதட்டிச் சிரித்தார்கள். மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்த யாமினி சிரிக்கவில்லை. அவளுக்கு முப்பத்து மூன்று வயது. தெம்பனிஸில் ஒரு கிளினிக்கில் மக்களின் காதுகளைச் சோதிப்பது அவளுடைய வேலை. தன் இரண்டு காதுகளின் பின்னாலும், முடிக்குள் மறைவாக, கேட்கும் கருவிகளை அவளும் மாட்டியிருந்தாள். அந்தச் சிறுமி அவள்தான்.

தோழி ஒருத்தியின் புத்தகத்தை அன்று அங்கே வெளியிட்டதால் வந்திருந்தாள். தன்னைப் பற்றிய அந்தக் கதை இன்னும் உயிரோடு ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். பக்கத்து நாற்காலிப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எத்தன தடவ கேட்டாலும் சிரிப்பு வருது லா," என்றாள். யாமினி எழுந்து வெளியே போய், பஃப்லோ ரோடு பூக்கடை ஓரத்தில் நின்று மூச்சு வாங்கினாள். அந்த மனிதர் வாயிலிருந்து அந்தக் கதையைப் பிடுங்கி எறியாமல் விடுவதில்லை என்று அங்கே நின்றபடியே முடிவு செய்தாள்.

நடந்தது 2003இல். யாமினிக்கு அப்போது பன்னிரண்டு வயது. புக்கிட் மேராவில் வீடு. அப்பா செல்வராஜ் பேருந்து ஓட்டுநர். மகள் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகிவிட்டாள் என்றதும் ஒருநாள் விடுப்பு எடுத்து, தேக்கா சந்தையில் புதிதாக ஒரு நீலச் சட்டை வாங்கி, அதையும் இஸ்திரி போட்டு, முன்வரிசையில் போய் உட்கார்ந்தவர். நிகழ்ச்சி நிரல் தாளில் மகளின் பெயர் அச்சாகியிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

யாமினி நன்றாகத்தான் பேசினாள். குரல் கணீரென்று இருந்தது. கடைசி வரிதான் குடியைக் கெடுத்தது. அவள் முடித்ததும், நடுவர் வேலாயுதம் மதிப்பெண் தாளைக் கீழே வைத்துவிட்டு மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"எங்கே அம்மா, கடைசியாக என்ன சொன்னாய்? இன்னொரு முறை சொல்."

சொன்னாள். மண்டபம் லேசாகச் சிரித்தது.

"அப்படியில்லை. வாழ்க தமிழ். எங்கே, சொல்."

அவர் சொன்னதை உன்னிப்பாகக் கேட்டு, கேட்டதை அப்படியே சொன்னாள். மண்டபம் இன்னும் பெரிதாகச் சிரித்தது. மூன்றாவது முறையும் சொல்லச் சொன்னார். மூன்றாவது முறையும் சொன்னாள். அவர் சொன்னதற்கும் தான் சொன்னதற்கும் என்ன வித்தியாசம் என்று அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. சரியாகத்தானே சொல்கிறேன், ஏன் சிரிக்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"பத்துக்கு ஒன்று," என்றார் வேலாயுதம். "அந்த ஒன்றும் மேடை ஏறிய தைரியத்துக்கு."

அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, "எங்கே, எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள்," என்றார். மண்டபமே ஒரே குரலில் வால்க தமில் என்றது. யாமினி அப்பாவைத் தேடினாள். செல்வராஜ் தலையைக் குனிந்துகொண்டு நிகழ்ச்சி நிரலை மடித்துக்கொண்டிருந்தார். இரண்டாக, நான்காக, எட்டாக, பதினாறாக. அதற்கு மேல் மடியவில்லை. அந்தச் சிறு கட்டியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

பள்ளியில் அன்றிலிருந்து அவள் பெயர் வாலு. அது போகட்டும், பிள்ளைகள் அப்படித்தான். வீட்டில் நடந்ததுதான் மோசம். மகளுக்குத் தமிழ் வராது என்று செல்வராஜ் முடிவுகட்டிவிட்டார். இனி அவளைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, மறுநாள் காலையில் இருந்து அவளிடம் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் பயணிகளிடம் பேசும் நாலு வார்த்தைதான். "கேர்ள், யூ ஈட் ஆல்ரெடி?" "ஸ்கூல் ஓகே?" அவ்வளவே. அவள் தம்பியிடம் ஊர்க்கதை, கோயில் கதை, பேருந்தில் ஏறிய கிறுக்கர்களின் கதை எல்லாம் தமிழில் ஓடும். யாமினி வந்தால் கதை நின்று, "யூ ஈட் ஆல்ரெடி?" தொடங்கும். ஒரே வீட்டுக்குள் அப்பாவுக்கும் மகளுக்கும் பேச மொழி இல்லாமல் போயிற்று.

அவளுக்குக் காது சரியில்லை என்று ஏன் யாருமே கண்டுபிடிக்கவில்லை என்று கேட்கலாம். முதலாம் வகுப்பில் பள்ளியில் வைத்த சோதனையில் தேறியவள். அதற்குப் பிறகு வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கிறது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், கதவு தட்டினால் திறப்பாள். இதற்கெல்லாம் தாழ்ந்த சுருதி ஒலிகளே போதும், அவை அவளுக்கு நன்றாகக் கேட்டன. கேட்காமல் போனவை உயர்ந்த சுருதி ஒலிகள். ஆங்கிலத்தில் அவள் சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கினால், இந்த ஊரில் அதை விழுங்காதவர் யார் என்று ஆசிரியர் விட்டுவிட்டார். தமிழில் ழகரம் வரவில்லை என்றால், எந்தப் பிள்ளைக்குத்தான் வருகிறது, எல்லாம் சோம்பேறித்தனம் என்று எல்லாரையும் சேர்த்துத் திட்டினார்கள். எல்லாரும் செய்கிற தப்பையே அவளும் செய்தாள். அதனால் அவளுடைய குறை அந்தக் கும்பலுக்குள் பத்திரமாக ஒளிந்துகொண்டது.

அது வெளியே வந்தது அவளுடைய இருபத்து நாலாவது வயதில். ஒரு அறிவியல் பட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், செவித்திறன் மேற்படிப்பில் சேர்ந்திருந்தாள். முதல் பாடமே ஒலியின் இயற்பியல். இரண்டாவது வாரம் செய்முறை. மாணவர்கள் ஒருவர் காதை ஒருவர் சோதிக்க வேண்டும். அவளுக்கு ஜோடியாக வந்தவள் ருக்ஸானா, பொங்கோலில் இருந்து வருகிறவள், வாய் ஓயாத பெண். யாமினி அறைக்குள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்டால் அமுக்க வேண்டிய பொத்தானோடு உட்கார்ந்தாள். சிறிது நேரம் அமுக்கினாள். அப்புறம் வெகு நேரம் ஒன்றுமில்லை. ருக்ஸானா கதவைத் திறந்தாள்.

"அமுக்கு லா. ஏன் சும்மா உக்காந்திருக்க?"

"நீ எப்ப மறுபடி ஸ்டார்ட் பண்ணப் போற?"

ருக்ஸானாவின் முகம் மாறியது. "யாமினி, நான் அஞ்சு நிமிஷமா சவுண்டு போட்டுக்கிட்டே இருக்கேன்," என்றாள்.

வரைபடத்தில் அவளுடைய காது நொடிக்கு ஆயிரம் அதிர்வு வரைக்கும் சமதரையாக ஓடி, ஆயிரத்து ஐந்நூறில் இடறி, அங்கிருந்து விளையாட்டுத் திடல் சறுக்குமரம் போலக் கீழே இறங்கியிருந்தது. முதலில் அவளுக்கு நிம்மதிதான் வந்தது. நான் சோம்பேறி இல்லை, மக்கு இல்லை, எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். ரயிலில் வீட்டுக்குப் போகும்போது கோபம் வந்தது. நிம்மதி அடுத்த வாரமே பழகிப்போயிற்று, கோபம் மட்டும் கூடவே இருந்தது.

அந்தக் கோபத்தில்தான் படித்தாள். வகுப்பில் மற்றவர்கள் தேர்வுக்குப் படித்ததை அவள் வழக்குக்குச் சாட்சி திரட்டுகிறவளைப் போலப் படித்தாள். தொண்டை எழுப்புவது வெறும் ரீங்காரம். வாயும் நாக்கும் உதடும் அதிலுள்ள அதிர்வுகளில் சிலவற்றைத் தூக்கிவிட்டுச் சிலவற்றை அடக்குகின்றன. திரையில் பார்த்தால், பேச்சு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும் கறுத்த பட்டைகள். கீழே இருக்கும் முதல் பட்டைதான் சத்தத்தைத் தூக்கிச் சுமக்கிறது. ல என்று சொன்னால் மூன்றாவது பட்டை மேலேயே நிற்கும். ழ என்று சொல்லி நாக்கைப் பின்னுக்கு இழுத்தால், அந்த மூன்றாவது பட்டை வளைந்து இறங்கி இரண்டாவதை உரசப் பார்க்கும். ழகரத்தின் அடையாளமே அந்த வளைவுதான். அந்த வளைவு இருந்த உயரம் முழுவதும் அவள் காதின் சறுக்குமரத்துக்குள் விழுந்து கிடந்தது. வேலாயுதம் மூன்று முறை சொல்லிக் காட்டியபோது, மூன்று முறையும் அவளை வந்து சேர்ந்தவை கீழ்ப்பட்டைகள் மட்டுமே.

எல்லாரும் காதால் கற்கும் எழுத்தை யாமினி கண்ணால் கற்றாள். ஆய்வுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து மைக்கில் ழ என்பாள், திரையைப் பார்ப்பாள், நாக்கை இன்னும் கொஞ்சம் மடிப்பாள், மறுபடி சொல்வாள். ஆறு வாரம் கழித்து அந்தப் பட்டை வளைந்தது. அன்று மாலை புக்கிட் மேராவுக்கு ஓடி, "அப்பா, பழம் இருக்கா? வாழைப்பழம்?" என்று கேட்டாள். ஒவ்வொரு ழவும் தராசில் நிறுத்தது போல வந்தது. செல்வராஜ் தொலைக்காட்சியில் இருந்து தலையைத் திருப்பி, ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு, "டேபிள் மேல, கேர்ள்," என்றார். பன்னிரண்டு வருடப் பழக்கம், அதற்கு மேல் அவரால் வர முடியவில்லை. நாலு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் அவர் அவளிடம் கடைசியாகக் கேட்டதும் "யூ ஈட் ஆல்ரெடி?" தான்.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு ஒருத்தி பூக்கடை ஓரத்தில் நின்றால் என்ன முடிவெடுப்பாளோ, அதைத்தான் யாமினி எடுத்தாள்.

வாய்ப்பு ஜனவரியில் வந்தது. கிளினிக்குக்கு வரும் வயதான தமிழர்களுக்கு ஆங்கிலச் சொற்களைப் போட்டுக் காட்டிச் சோதித்தால், காது தவறியதா, அந்தச் சொல்லே தெரியாதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகவே ஒரு தமிழ்ச் சொற்பட்டியலைப் பதிவு செய்வது என்று முடிவாயிற்று. தெளிவான ஓர் ஆண் குரல் வேண்டும். கூட்டத்தில் யாமினி, "சொல்லேர் மன்றம் வேலாயுதம் ஐயாவைக் கேக்கலாம்," என்றாள். மேசைக்கு எதிரே இருந்த ருக்ஸானா, அவளும் இப்போது அங்கேதான் வேலை செய்கிறாள், புருவத்தைத் தூக்கினாள்.

வேலாயுதம் ஜிப்பாவோடு வந்தார். அறுபத்தெட்டு வயது, தும்பைப்பூ போன்ற தலை. மகள் கவிப்ரியா காரில் கூட்டி வந்தாள். நாற்பதை நெருங்கும் பெண், அமைதியானவள், அப்பாவின் தொண்டைக்கென்று இஞ்சித் தண்ணீரைக் குடுவையில் கொண்டுவந்திருந்தாள். ஒப்புதல் படிவத்தை யாமினி நீட்டினாள்.

"சொற்பட்டியலுக்கும், பொது விளக்க நிகழ்ச்சிகளுக்கும் உங்க குரலைப் பயன்படுத்துவோங்க ஐயா. தேவைக்கு ஏத்த மாதிரி மாத்தியும் பயன்படுத்துவோம். படிச்சுப் பார்த்துட்டு சைன் பண்ணுங்க."

"தமிழுக்குச் செய்யறதுக்கு எதுக்குமா படிக்கணும்?" என்று அவர் போட்டார் கையெழுத்தை.

அவருடைய குரல் அழகு. அதை ஒத்துக்கொண்டே ஆக வேண்டும். ஒவ்வொரு ழகரத்துக்கும் யாமினியின் திரையில் மூன்றாவது பட்டை கூச்சமில்லாமல் வளைந்து இறங்கி ஏறியது. ஐம்பது சொல்லும் முடிந்த பிறகு, "கடைசியா ஒன்னுங்க ஐயா. மேடையில சொல்ற மாதிரி, வாழ்க தமிழ்," என்று கேட்டாள். சொன்னார். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாரா? ஹெட்ஃபோனைக் கழற்றிக்கொண்டே, "இதைச் சொன்னா எனக்கு ஒரு பிள்ளை ஞாபகம் வரும்," என்று தொடங்கி, குரங்கு, வால் எல்லாவற்றையும் அவளுக்கே சொல்லி முடித்தார். யாமினி புன்னகைத்தாள். அவள் வாழ்நாளில் செய்த மிகக் கடினமான வேலை அதுவாகத்தான் இருக்கும்.

"அந்தப் பிள்ளை இப்ப எங்க இருக்குனு தெரியுமாங்க ஐயா?"

"யாருக்குத் தெரியும்? பேரே ஞாபகமில்ல."

கவிப்ரியா குடுவையை மூடியபடி, "நான் எத்தனையோ தடவை சொல்லிட்டேன்பா, அந்தக் கதையை விட்டுடுங்கன்னு," என்றாள். "அந்தப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்?"

"சின்னப் பிள்ளைங்க அன்னைக்கே மறந்துடும். நீ ஒன்னு," என்றார் வேலாயுதம்.

அவர்கள் போனதும் யாமினி அந்த இரண்டு சொல்லைத் தனியாக வெட்டி எடுத்தாள். முதலில் சுருதியை ஏற்றினாள், அறுபத்தெட்டு வயது ஆணின் குரல் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் குரலாயிற்று. அடுத்து, தன் பழைய வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, தன் காது எந்த இடத்தில் இடறுகிறதோ அதே இடத்தில் மேலே உள்ள எல்லாவற்றையும் அறுத்தாள். மூன்றாவது பட்டை போயிற்று. கொஞ்சம் இரைச்சல் சேர்த்ததும் பழைய கேசட் போலவே இருந்தது. ருக்ஸானாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினாள்.

"எனக்கு ரெண்டு மாதிரியும் கேக்குது," என்றாள் ருக்ஸானா. "ழ-ன்னு நெனச்சா ழ. ல-ன்னு நெனச்சா ல."

"அவர் என்ன நெனப்பாரு?"

ருக்ஸானா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "யாமினி, இது டெஸ்ட் இல்ல, ட்ராப். யார் கேட்டாலும் தப்பாத்தான் சொல்வாங்க."

"தெளிவா கேக்கலைன்னு சொல்லலாம்ல? அதுதான் கரெக்ட் ஆன்சர். அந்த ஒரு வார்த்தை அவர் வாயில வந்தா அங்கேயே நிறுத்திடறேன். ப்ராமிஸ். தெளிவா கேக்குதான்னு நானே கேப்பேன், ரெண்டு தடவை கேப்பேன்."

"வராதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்," என்றாள் யாமினி.

இந்த ஏப்ரலில் மறுபடியும் சொல்லேர் மன்றத்தின் ஆண்டு விழா, அதே மண்டபம். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி. யாமினியை மன்றமே அழைத்திருந்தது. நிகழ்ச்சி நிரலில் நாலாவதாக, ‘செவியும் தமிழும்: ஒரு விளக்கம், யாமினி செல்வராஜ்’ என்று அச்சிட்டிருந்தார்கள். தன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த அப்பாவின் பெயரை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். வேலாயுதம் மேடையில் தலைவர் நாற்காலியில் இருந்தார். கவிப்ரியா முன்வரிசையில், மடியில் குடுவையோடு. வடையும் டீயும் முடிந்து கூட்டம் வயிறு நிறைந்து உட்கார்ந்திருந்தது.

முதல் பத்து நிமிடம் யாமினி பாடம் நடத்தினாள். திரையில் பட்டைகளைக் காட்டினாள். சத்தம் கேட்பது வேறு, சொல் கேட்பது வேறு என்றாள். பிறகு, "ஒரு குரலைப் போடப் போறேன். யாரோட குரல்னு சொல்ல மாட்டேன். ஒரு பேச்சோட கடைசி வரி. ஐயா நடுவரா இருந்து மார்க் போடணும்," என்றாள். கூட்டம் கைதட்டியது. வேலாயுதம் சட்டைக் கைகளை மடித்துவிட்டு, மைக்கை வாகாக இழுத்து வைத்துக்கொண்டார்.

இரைச்சலுக்கு நடுவில் ஒரு சிறுமியின் குரல் ஒலித்தது. வேலாயுதத்தின் முகம் மலர்ந்துவிட்டது. பழைய சிநேகிதரைப் பார்த்த முகம்.

"ஐயா, ரெகார்டிங் தெளிவா இருக்கா? இல்லைன்னா தெளிவா இல்லைன்னு சொல்லுங்க, பரவாயில்ல."

"தெள்ளத் தெளிவாக இருக்கிறது."

"இன்னொரு தடவை போடவா?"

"எதற்கம்மா? ஒரு பானை சோற்றுக்கு..." என்று தொடங்கியவர், கூட்டம் சிரிக்கத் தயாராவதைப் பார்த்துப் பாதியில் விட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வால்க தமில்! கேட்டீர்களா? வால்க தமில்! இத்தனை வருடமாக நான் சொன்னது கட்டுக்கதை இல்லை என்பதற்கு இதோ சாட்சி. பத்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் மேடை ஏறிய தைரியத்துக்கு."

மண்டபம் குலுங்கியது. யாமினி அது அடங்கும் வரைக்கும் காத்திருந்தாள்.

"இப்ப அதே குரலை இன்னொரு தடவை போடறேன். கொஞ்சம் கொஞ்சமா, நான் எடுத்ததை எல்லாம் திருப்பிக் குடுத்துக்கிட்டே வரேன்."

முதலில் இரைச்சலை எடுத்தாள். சிறுமியின் குரல். அடுத்து, அறுத்துப்போட்ட மேல்பாகத்தைத் திறந்தாள். திரையில் மூன்றாவது பட்டை தோன்றி, வளைந்து இறங்கியது. அதே சிறுமி, இப்போது சந்தேகமே இல்லாமல், வாழ்க தமிழ் என்றாள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கடைசியாகச் சுருதியை இறக்கினாள். சிறுமி பையனாகி, இளைஞனாகி, மூன்றாவது முறை ஒலித்தபோது மண்டபத்தில் இருந்த இருநூறு பேருக்கும் இருபது வருடமாகப் பழக்கமான குரல், கணீரென்று, வாழ்க தமிழ் என்றது.

யாமினி பதிவை நிறுத்தினாள். பின்வரிசையில் யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். அது முன்னால் பரவ அதிக நேரம் எடுக்கவில்லை.

வேலாயுதம் கண்ணாடியை மாட்டப் பார்த்தார், அது காதில் சரியாக உட்காரவில்லை. "இது மிஷின் வேலை," என்றார். மேடைத்தமிழ் போய்விட்டது. "மிஷின்ல என்ன வேணாலும் பண்ணலாம்."

"ஆமாங்க ஐயா. மிஷின் வேலைதான். 2003ல இதே மாதிரி ஒரு பிள்ளை உங்க முன்னால நின்னுச்சு. அதோட காதும் இப்படித்தான் அறுந்து இருந்துச்சு. நீங்க மூணு தடவை சொன்னீங்க. அதுக்கு மூணு தடவையும் இதுதான் கேட்டுச்சு. கேட்டதைத்தான் திருப்பிச் சொல்லுச்சு."

அவர் அவளை அப்போதுதான் முழுதாகப் பார்த்தார். "நீ..."

யாமினி காதுக்குப் பின்னால் இருந்த முடியை ஒதுக்கினாள். "வாலு," என்றாள்.

"பத்துக்கு ஒன்னு!" என்று பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. இன்னொருவர், "தைரியத்துக்கு லா, தைரியத்துக்கு," என்றார். யார் தொடங்கினார்களோ தெரியாது, முதலில் நாலு பேர், அப்புறம் ஒரு வரிசை, அப்புறம் மண்டபம் முழுவதும் தாளம் போட்டுக்கொண்டு, வால்க தமில், வால்க தமில் என்றது. தலைவர் நாற்காலியில் இருந்த வேலாயுதம் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மைக் அவர் முன்னால்தான் இருந்தது, அதைத் தொடவில்லை. இனி எந்த மேடையிலும் அந்தக் கதையை அவரால் எடுக்க முடியாது. எடுத்தால் அது அவர் கதை.

இனித்தது. பொய் சொல்வானேன், யாமினிக்கு அது உச்சந்தலையில் இருந்து உள்ளங்கால் வரைக்கும் இனித்தது. பன்னிரண்டு வயதில் அந்தச் சிரிப்பில் பாதிதான் அவளுக்குக் கேட்டிருக்கும். இப்போது கருவிகளின் தயவில் எல்லாம் கேட்டது. கைதட்டலின் சுளீர், பெண்களின் கீச்சுச் சிரிப்பு, ஒவ்வொரு வால்-இன் முடிவிலும் நாக்கு பல்லைத் தொடுகிற ஒலி வரைக்கும். அப்பா, கேக்குதா என்று மனதுக்குள் தமிழில் கேட்டாள். அன்று அவர் உட்கார்ந்திருந்தது போன்ற இடத்தை, முன்வரிசையின் நடுவை, அவள் கண் தானாகத் தேடிப் போயிற்று.

அங்கே கவிப்ரியா இருந்தாள். குடுவை காலடியில் உருண்டு கிடந்தது. மேடையைப் பார்க்காமல், கூட்டத்தையும் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு நிகழ்ச்சி நிரலை மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாக, நான்காக, எட்டாக.

மண்டபத்தை அடக்க யாமினிக்கு ஒரு விரல் போதும், உரத்த ஒலி ஒன்றைப் போட ஒலிக்கருவி அவள் கைக்கடியில்தான் இருந்தது. விரல் அசையவில்லை. கவிப்ரியா இன்னொரு முறை மடித்தாள், அழுத்தினாள். அதற்கு மேல் அது மடியாது என்று யாமினிக்குத் தெரியும்.